தலைக்கு மேல் பத்து டெசிபல்

செய்தி வந்தபோது மணி பதினொன்று நாற்பது. தங்கை ஆய்வுக்கூடத்தில் அன்றைய இருபத்திரண்டாவது ரத்த மாதிரிக் குழாயை இயந்திரத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். மேசை மேல் கிடந்த போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்பு வரைக்கும் நகர்ந்து வந்துவிட்டது. அண்ணன் வேலை பார்த்த ஸ்டுடியோவின் காவலாளி. அந்த மனிதர் ஐந்து வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் அவளைக் கூப்பிட்டிருந்தார், அண்ணன் குடையை விட்டுவிட்டுப் போனதைச் சொல்ல.

"அம்மா, சார் பஸ் ஸ்டாப்ல சாஞ்சுட்டாரும்மா. நான்தான் ஆட்டோல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தேன். நீங்க வாங்கம்மா."

"பேசுறாரா?"

 "நீங்க வாங்கம்மா" என்றே மறுபடியும் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவளுக்கு அந்தப் பதில் போதும். கையுறையைக் கழற்றினாள். மீதிக் குழாய்களைப் பக்கத்து மேசைக்காரியிடம் எண் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு காகிதப் பையில் போட்டு அண்ணனின் பொருள்களைக் கொடுத்தார்கள். சாவிக்கொத்து, பெரிய ஹெட்போன், மூக்குக்கண்ணாடி, கண்ணாடிக் கூடு. கூட்டை அவள் அன்றைக்குத் திறந்து பார்க்கவில்லை. காலியான கூட்டில் என்ன இருக்கப்போகிறது என்று பையோடு பீரோவில் வைத்துவிட்டாள்.

அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "எனக்கு வர்ற பொண்ணு மெதுவாப் பேசணுமே, கிடைக்கலையே" என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார். தங்கை வீட்டு மாடி அறையில்தான் இத்தனை வருடமும் இருந்தார். சாப்பாட்டு நேரத்துக்குக் கீழே இறங்குவார். இறங்கியதும் முதல் வேலை, டிவியின் சத்தத்தைக் குறைப்பது.

தங்கையின் கணவருக்கு இதில் தினமும் ஒரு கேலி. "மச்சான் ரிமோட்டை எடுத்தாருன்னா செய்தி வாசிக்கிறவங்க நம்மகிட்ட ஏதோ ரகசியம் சொல்ற மாதிரி ஆயிடுது."

"கத்திச் சொன்னா மட்டும் நல்ல செய்தியா வந்துடப்போகுதா மாப்ள?"

இந்தக் குணம் பிறவியிலேயே வந்தது. அவர்களுடைய அப்பா ரேடியோவை முழுசாகத் திருகி வைக்கிற ஆள். ஒலிபெருக்கியின் காகிதம் கிழிந்துபோய், அந்த வீட்டில் பாடிய பாடகர்கள் அத்தனை பேருக்கும் நிரந்தரச் சளி. எட்டு வயது அண்ணன் சத்தமில்லாமல் போய்ப் பாதியாய்க் குறைப்பார். அப்பா முதுகில் ஒன்று வைத்துவிட்டு மறுபடி ஏற்றுவார். இவர் மறுபடி போய்க் குறைப்பார். முதுகு பழுத்ததே தவிர, கை அடங்கவில்லை.

பிறகு மைக் செட் கடையில் ஒயர் சுற்றினார். அங்கிருந்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய் டேப்பில் வேலை கற்றார். டேப் காலத்தில் எல்லோரும் அளவைக் கொஞ்சம் ஏற்றி வைத்துத்தான் பதிவார்கள். அடியில் எப்போதும் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும், குரல் அதற்கு மேலே நிற்க வேண்டும். எங்கேயாவது மிஞ்சிப்போனாலும் டேப் பொறுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் வந்தபோது ஊரில் பாதிப் பேர் அதே கையோடு வந்து உட்கார்ந்து அதே மாதிரி ஏற்றினார்கள். அண்ணன் மட்டும் பழகிய கையை மறக்க ஒரு வருடம் பாடுபட்டார்.

ஒருநாள் சாப்பிடும்போது தங்கை கேட்டாள். "அப்படி என்னண்ணா வந்துச்சு அந்தக் கம்ப்யூட்டர்ல?"

"அதுல பூஜ்யம்னு ஒரு கூரை. மத்ததெல்லாம் அதுக்குக் கீழே. மைனஸ் பத்து, மைனஸ் இருபது, இப்படி. கூரைக்கு மேல எண்ணே கிடையாது. சரி, நிலைப்படி தாழ்வா இருக்கு, உயரமான ஆள் நிமிந்து வர்றான். என்ன ஆகும்?"

"இடிச்சுக்குவான்."

"இடிச்சாக் குனிஞ்சுக்கலாமே. இங்க நிலைப்படில கத்தி. தலையைச் சீவி எடுத்துட்டு மீதியை உள்ள அனுப்பிடும். பாட்டு வந்துடும், தலை இருக்காது. அதைத்தான் கரகரங்குதுன்னு சொல்றோம்."

தங்கைக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "எங்க மெஷின்லயும் இப்படித்தான். சர்க்கரை ஒரு அளவுக்கு மேல போச்சுன்னா எண் வராது. அதிகம்னு மட்டும் எழுதும். எவ்வளவு அதிகம்னு யாருக்கும் தெரியாது."

"அப்ப நீ என்ன பண்ணுவ?"

"ரத்தத்தை நீர்க்க வச்சு மறுபடி ஓட்டுவேன்."

"உங்கிட்ட மிச்ச ரத்தம் இருக்கு, ஓட்டுவ. பாடினவங்க பாடிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்களே, நான் எதை நீர்க்க வச்சு ஓட்டுறது?" அண்ணன் தட்டிலிருந்து கையை எடுத்துத் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் காட்டினார். "அதனாலதான் இவ்வளவு இடம் விட்டு வைக்கிறது. எந்த உச்சத்துலயும் கூரைக்குப் பத்து டெசிபல் பாக்கி இருக்கணும். அடியில இரைச்சல் கிடையாது, பயந்துக்கிட்டு ஏத்த வேண்டிய அவசியமே கிடையாது. வேணும்னா அப்புறம் தூக்கிக்கலாம். வெட்டுப்பட்ட தலையை எங்கேருந்து கொண்டுவந்து ஒட்டுறது?"

சத்தத்தின் அளவைக் காட்டும் மீட்டர் பச்சையிலேயே இருக்க வேண்டும், மஞ்சளை எட்டிப் பார்க்கலாம், சிவப்பு கூடாது. இதையே நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வருகிற பாட்டுக்காரர்கள் அவருக்குப் பச்சைவிளக்கு என்று பேர் வைத்துவிட்டார்கள். "பச்சைவிளக்கு இருக்காரா? அப்ப தைரியமாப் பாடலாம்" என்பார்கள்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மைக்கை வைத்ததும், "பாட்டுலயே உசந்த வரி எது? அதைப் பாடுங்க" என்பார். அளவு பார்க்கத்தானே என்று அவர்கள் மெல்ல முனகிப் பாடுவார்கள். "வீட்டுக்குள்ள தேள் வந்துடுச்சு, அந்த மாதிரிப் பாடுங்க" என்பார். சிரித்துக்கொண்டே முழுக் குரலில் பாடுவார்கள். அந்த அளவை எடுத்துக்கொண்டு, அதிலும் ஆறு டெசிபல் இறக்கி வைப்பார். ஏன் என்றால், சோதனைக்குப் பாடுகிற மாதிரி யாரும் நிஜத்தில் பாடுவதில்லை. நிஜத்தில் நெஞ்சு நிறைந்துபோய் இன்னும் ஆறு ஏறிவிடுவார்கள். முப்பது வருடம் ஆள்களைப் பார்த்துக் கற்ற கணக்கு அது. எந்த மீட்டரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஸ்டுடியோ முதலாளிக்கு இந்த நிதானம் பிடிக்காது. நாற்பது வயது. நல்ல செண்டு போடுவார், பாட்டைக் காதால் கேட்பதைவிடத் திரையில் பார்ப்பது அதிகம். ஒலி அலை தடியாக இருந்தால் முகம் மலரும்.

"சார், மத்தவங்க பாட்டெல்லாம் அடிச்சு நொறுக்குது. நம்ம பாட்டு மட்டும் ஏன் சார் பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கு?"

"தம்பி, இப்ப பாட்டு கேக்கிற ஆப்ல முக்கால்வாசி தானே அளந்து பாத்து எல்லாத்தையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துடுது. நீங்க நசுக்கித் தடியாக் கொடுத்தா அது இறக்கி வச்சுடும். சத்தம் போயிடும். நசுங்கினது மட்டும் மிஞ்சும்."

முதலாளி அப்போதைக்குத் தலையாட்டுவார். அவ்வளவுதான்.

அண்ணன் கடைசியாகப் பதிந்தது ஒரு பாட்டு டீச்சரின் பதினோரு பாட்டுகள். டீச்சர் சொந்தமாக மெட்டுப் போட்டவை. பாடியது பதினான்கு பெண்கள். ஒருத்தி தபால் ஆபீசில் இருக்கிறாள், ஒருத்தி தையல்காரி, இரண்டு பேர் நர்ஸ். வேலை முடித்து மாலையில் வந்து, ஆறு வாரம் பாடியிருக்கிறார்கள். பத்துப் பாட்டில் எல்லாக் குரலையும் அளவாகச் சேர்த்து அண்ணன் கலந்து முடித்துவிட்டார். பதினோராவதை முடிக்கப் போன காலையில்தான் பஸ் ஸ்டாப்பில் சாய்ந்தது.

நான்காம் நாள் முதலாளி துக்கம் கேட்க வந்தார். வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். முதலாளி கையில் ஓர் உறை.

"பாட்டு சி.டி.யோட மேல் அட்டைம்மா. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. சாரோட போட்டோ போட்டிருக்கேன். பேர் எழுத்து சரியா இருக்கான்னு ஒருதடவை பாத்துடுங்க."

தங்கைக்கு அந்த நிமிடம் அவர்மேல் நன்றிதான் வந்தது. அட்டையைப் பிரித்தாள். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். பேரில் பிழை இல்லை. பேருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: 'ஒலிப்பதிவாளரின் உடல்நலக் குறைவால் நேர்ந்த ஒலிக் குறைகளைப் பொறுத்தருளவும்.'

இரண்டு முறை படித்தாள். "இது என்ன?"

"அதும்மா..." முதலாளி குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் ஏழெட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரிதான் தாழ்த்தினார். "கடைசி நாள்ல சாருக்குக் காது போயிடுச்சு போலிருக்கு. பாவம், யார்கிட்டயும் சொல்லல. பதிஞ்சதெல்லாம் கரகரன்னு கிழியுது. டீச்சர் என்னைப் பிடிச்சு உலுக்கிட்டாங்க. நான் என்னால முடிஞ்சவரைக்கும் காப்பாத்தினேன்."

நாற்காலிகளில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். வயசாச்சு, காது போகத்தானே செய்யும் என்றார் ஒருவர். இருக்கிற காலத்தில் ரேடியோச் சத்தத்துக்கே முகம் சுளித்த மனிதனைப் பற்றி, அவன் போன நாலாம் நாள், அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, காது கேட்காதவன் என்று சொல்கிறார்கள். அதற்குத் தலையாட்டவும் ஆள் இருக்கிறது. அந்தப் 'பாவம்' என்ற சொல்லை எடுத்து அந்த ஆளின் செண்டுச் சட்டைப் பையிலேயே திரும்பத் திணிக்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.  அட்டையை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அவர்கள் போனதும் பீரோவைத் திறந்தாள். அண்ணன் வருடம் தவறாமல் காதுச் சோதனை செய்துகொள்கிற ஆள். சோதனை அறை அவள் ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு கதவு தள்ளித்தான். கடைசி அறிக்கை மூன்று மாதத்துக்கு முந்தையது. 'வயதுக்கு மிக நன்று' என்று டாக்டர் கையெழுத்தில் இருந்தது.

"இதைக் கொண்டுபோய் மூஞ்சில வீசு" என்றார் கணவர்.

"இது காது நல்லா இருந்துச்சுன்னு சொல்லும். பாட்டு நல்லா இருந்துச்சுன்னு சொல்லாதே."

அப்போதுதான் காகிதப் பையில் இருந்த கண்ணாடிக் கூடு கண்ணில் பட்டது. தூக்கினால் கனத்தது. உள்ளே தீப்பெட்டி அளவில், கம்ப்யூட்டரில் சொருகுகிற ஒரு சேமிப்புத் தட்டும், எட்டாய் மடித்த ஒரு தாளும் இருந்தன. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அண்ணன் எல்லாவற்றையும் இன்னொரு படி எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார் என்பது அவளுக்குத் தெரியும். அதை எதில் வைத்துக்கொண்டு திரிந்தார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தாளில் பதினோரு வரிகள். ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே அதில் பதிவான உச்ச அளவு. மைனஸ் பத்து, மைனஸ் பதினொன்று, மைனஸ் பத்து. ஒன்றுகூட அந்தப் பத்தைத் தாண்டவில்லை.

டீச்சருக்குப் போன் போட்டாள். "நாளைக்கு ஸ்டுடியோவுக்கு வர முடியுமா? அட்டையில ஒரு வரி இருக்கு. அது உண்மையா இல்லையான்னு நீங்க இருக்கும்போதே பாத்துடணும்."

மறுநாள் காலை காவலாளிதான் கதவைத் திறந்துவிட்டார். அண்ணன் உட்கார்ந்து வேலை பார்த்த முக்காலி வாசலுக்கு வெளியே, விளக்குமாற்றுப் பக்கத்தில் கிடந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டே உள்ளே போனாள். தரையில் பாடுகிறவர்கள் நிற்க அண்ணன் ஒட்டிய நீல டேப்புத் துண்டுகள் பதினான்கும் அப்படியே இருந்தன. உரத்த குரல் கொண்ட தபால் ஆபீஸ்காரியின் துண்டு மற்றவர்களைவிட ஓரடி பின்னால்.

டீச்சரும் வந்ததும் முதலாளி பாட்டைப் போட்டுக் காட்டினார். உச்ச வரி வந்ததும் குரல் கிழிந்தது, கம்பியில் சிக்கிய துணி மாதிரி. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். "அது என் தபால் ஆபீஸ்காரி. அவ குரல் இப்படி இருக்காது. இப்படி இருக்கவே இருக்காது."

"அதான் சொல்றேனே, பதியும்போதே..."

திரையில் அலை தூண் தூணாக நின்றது. மேலும் கீழும் ரம்பம் வைத்து அறுத்த மாதிரி மட்டம். தங்கைக்கு அது ஆய்வுக்கூடத்தில் தினமும் பார்க்கிற சங்கதி. எல்லை தாண்டிய அளவு.

"இந்தக் கோப்பு கடைசியா எந்தத் தேதில மாத்தினது? பக்கத்துல எழுதியிருக்குமே."

முதலாளி திரையைப் பார்த்தார். டீச்சரும் பார்த்தார். அண்ணன் இறந்து இரண்டு நாளுக்குப் பிந்தைய தேதி.

"அன்னைக்கு எங்க அண்ணன் உயிரோட இல்ல" என்றாள் தங்கை. "யார் மாத்தினது?"

"அது... நான் லேசாத் தூக்கினேன். திறந்து பாத்தா எல்லா அலையும் நூல் மாதிரி இருந்துச்சும்மா. மெலிசா. சரியாப் பதியலன்னு நெனச்சேன்."

"கேட்டுப் பாத்தீங்களா, கண்ணால பாத்தீங்களா?"

முதலாளி நாற்காலியைத் திரையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டார்.

"எவ்வளவு தூக்கினீங்க?"

"எல்லாக் குரல் தடத்தையும் மொத்தமாப் பிடிச்சு, பன்னிரண்டு டெசிபல்."

"கூரைக்குப் பத்துதான் இடம் விட்டிருந்தாரு. பன்னிரண்டு தூக்கினா மீதி ரெண்டு எங்க போகும்?"

டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். "தூக்கினதை வேற பேர்லயாவது வச்சீங்களா?"

"அதே பேர்ல சேமிச்சுட்டேன்." பிறகு ஏதோ தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி, "சிவப்பு வரத்தான் செஞ்சுது. மீட்டர்னா சிவப்பு வரும்தானேன்னு..." என்றார்.

கதவருகே நின்ற காவலாளி வாய்க்குள் சிரித்தார். "நான் வந்த நாள்லேருந்து அந்த மனுசன் 'சிவப்பு கூடாது'ங்கிற அந்த ஒரு வார்த்தையைத்தான் சாமி சொல்லிட்டு இருந்தாரு."

தங்கை சேமிப்புத் தட்டை எடுத்துக் கொடுத்தாள். அதே பாட்டு, அண்ணன் பதிந்து அண்ணன் கலந்தது. திரையில் அலை மெலிந்து, ஏறி இறங்கி, கூரைக்குக் கீழே தாராளமாய் ஓடியது. சத்தம் சின்னதாய் வந்தது.

"பாத்தீங்களா" என்றார் முதலாளி, மறுபடி தைரியம் வந்து. "பாத்தீங்களா, எவ்வளவு சின்னதா இருக்கு!"

"சத்தம் வேணும்னா அதுக்குன்னு ஒரு குமிழ் வச்சிருக்கான். வீட்டுல அண்ணன் அதைத்தான் குறைச்சுக்கிட்டே இருப்பாரு. இன்னைக்கு அவருக்காக நான் ஏத்துறேன்." எட்டி ஒலிபெருக்கியின் குமிழைத் திருகினாள். பாதி, முக்கால். உச்ச வரி வந்தது. தபால் ஆபீஸ்காரியின் குரல் எழுந்து, இன்னும் எழுந்து, எங்கேயும் இடிக்காமல் நின்றது. அவளோடு மற்றப் பதின்மூன்று பேரின் குரல்களும் தனித்தனியாகக் கேட்டன. கடைசி அடிக்கு முன்னால் யாரோ மூச்சு இழுத்ததுகூடக் கேட்டது.

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு முதலாளியின் பக்கம் திரும்பினார். "இந்த மனுஷன் பேருக்குக் கீழயா அந்த வரியைப் போட்டீங்க? நானும் நம்பினேனே! போன்ல உங்ககிட்ட, 'அவருக்கு முடியலன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே'ன்னு வேற கேட்டேனே!"

"சரிம்மா, விடுங்க. தெரியாம நடந்துடுச்சு. இந்தப் படியையே அனுப்பிடலாம். அந்த வரியை, 'தவிர்க்க முடியாத காரணங்களால்'னு மாத்திடுறேன்."

தங்கை அட்டையைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. அந்த அறையில் குரல் உயர்த்துவது அண்ணனுக்குப் பிடிக்காது.

"காரணத்துக்குப் பேர் இருக்கு. உங்க பேரைப் போடுங்க. இல்லன்னா வரியை எடுங்க. இப்பவே, என் முன்னாடி போன் பண்ணுங்க."

முதலாளி அச்சகத்துக்குப் போன் செய்தார். ஒரு வரி எடுக்கணும் என்றார். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள்போல. "தப்பு" என்றார். யாருடைய தப்பு என்று சொல்லவில்லை. நாலாம் நாள் அவ்வளவு பேர் நடுவில் சொல்லத் தெரிந்த வாய் அது. போனில் ஓர் ஆளிடம் உண்மையைச் சொல்ல வரவில்லை. நாற்காலியில் இருந்து தலையாட்டிய ஏழெட்டுப் பேரிடமும் யாரும் போய்த் திருத்திச் சொல்லப்போவதில்லை என்பது அவளுக்கு அந்த நிமிடமே தெரிந்தது. அவர்களுக்கு அண்ணன் இன்னும் காது போனவர்தான். 

கிளம்பும்போது டீச்சர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். பத்து வரிகளின் ஓரத்தில் டிக் போட்டிருந்தது. பதினோராவதில் டிக் இல்லை. 'இரண்டாம் குரல், ஒரு டெசிபல் இறக்கணும்' என்று பென்சிலில் எழுதியிருந்தது.

"ஒண்ணுதானே, நான் இறக்கி விட்டுடவா?" என்று முதலாளி எழுந்து வந்தார்.

"நீங்க தொடாதீங்க" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

தங்கை தாளைக் கண்ணாடிக் கூட்டில் மடித்து வைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். முக்காலியைக் காவலாளி ஆட்டோ வரைக்கும் தூக்கி வந்து கொடுத்தார்.

பாட்டுகள் அடுத்த மாதம் வெளிவந்தன. பதினோராவது பாட்டில் இரண்டாம் குரல் இன்னும் ஒரு டெசிபல் அதிகமாகவே இருக்கிறது.